தூரத்துக்கு விலையா, அவசரத்துக்கு விலையா?

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டங்களில் நிகழ்த்திய உரை)

விமான டிக்கெட்டின் விலையைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுகிற ஆலைத் தொழிலாளிக்கும், சேற்றில் குனிந்து நாற்று நடுகிற தாய்மாருக்கும் ஆகாய விமானத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

சம்பந்தம் உண்டு. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டி வட்டாரங்களிலிருந்து கொத்து வேலைக்கும், கம்பி கட்டும் வேலைக்கும், வீட்டு வேலைக்கும் கடல் கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அல்லர். தாலியை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, ஒரு வழி டிக்கெட்டோடு போகிறவர்கள். எப்போது திரும்புவோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அது முதலாளியின் கையில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. முதலாளித்துவம் ஒரு பொருளுக்கு விலை வைக்கும் தந்திரத்தை விமான டிக்கெட்டில் பார்ப்பதுபோல் வேறெங்கும் பச்சையாகப் பார்க்க முடியாது. அந்தத் தந்திரத்தை அங்கே புரிந்துகொண்டால், நம்மூர் மண்டியிலும் ஆலை வாசலிலும் அதே தந்திரம் நடப்பது விளங்கிவிடும்.

விஷயம் இதுதான். நம் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிற நீண்ட தடங்களில், பழைய பெரிய விமானக் கம்பெனிகளிடம் போய் இரண்டு விலை கேட்டுப் பாருங்கள். போக மட்டும் ஒரு டிக்கெட் என்ன விலை? போகவும் வரவும் சேர்த்து என்ன விலை? பல சமயங்களில் போகவர டிக்கெட்டைவிட ஒரு வழி டிக்கெட்டுக்கு விலை அதிகமாக இருக்கும். பாதிப் பயணத்துக்கு முழுப் பயணத்தைவிட அதிக விலை! ஒரு படி அரிசி இருபது ரூபாய், இரண்டு படி பதினெட்டு ரூபாய் என்று எந்த மளிகைக் கடைக்காரராவது சொன்னால் நாம் என்ன நினைப்போம்? தராசிலே கோளாறு என்போம், அல்லது கடைக்காரருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்போம். விமானக் கம்பெனிக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அது மிகவும் தெளிவாகவே இருக்கிறது.

எல்லாத் தடத்திலும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையிலிருந்து டில்லி, மும்பை போன்ற உள்நாட்டுத் தடங்களிலும், மலிவுக் கட்டணக் கம்பெனிகள் ஓட்டுகிற வளைகுடாத் தடங்களிலும் பெரும்பாலும் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி விலைதான். அங்கே அதே தந்திரம் வேறு வேஷத்தில் வருகிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

செலவுக் கணக்கு செல்லுமா?

முதலில், கம்பெனிக்காரர்களுக்கு நியாயமாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

விழுப்புரத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வாடகைக் கார் பிடிக்கிறோம். நம்மை இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்பும். ஆகவே திரும்பும் தூரத்துக்கும் சேர்த்து வாடகை கேட்கிறார் டிரைவர். இதில் நியாயம் உண்டு. வண்டி நமக்காகத்தான் வந்தது, நமக்காகத்தான் காலியாகத் திரும்புகிறது, டீசல் எரிகிறது, அந்தத் தொழிலாளியின் பொழுதும் போகிறது. லாரிக்காரர் திரும்பு லோடு கிடைக்குமா என்று தேடுவதும் இதனால்தான்.

நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியைப் பாருங்கள். திண்டிவனத்துக்கு வடக்கே ஆத்தூரிலும், விழுப்புரத்துக்கு வடக்கே விக்கிரவாண்டியிலும் சாவடிகள் இருக்கின்றன. 2008-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி, 24 மணி நேரத்துக்குள் திரும்புகிற வண்டி ஒன்றரைப் பங்கு கட்டினால் போதும். தனித்தனியாகக் கட்டினால் இரண்டு பங்கு. இது சலுகை. ஆனால் அங்கேயும் ஒரு வழிக் கட்டணம் இரு வழிக் கட்டணத்தைத் தாண்டுவதில்லை.

விமானத்தின் கதை வேறு. நாம் திரும்பவில்லை என்பதற்காக விமானம் காலியாகத் திரும்புவதில்லை. அது கால அட்டவணைப்படி போகிறது, வருகிறது. திரும்பும் வழியில் நம் இருக்கையை வேறொருவருக்கு விற்கிறார்கள். அந்தப் பணமும் கம்பெனிக்குத்தான். நாம் ஒரு வழி மட்டும் போவதால் கம்பெனிக்கு இரு வழிச் செலவு வருவதில்லை. ஆகவே செலவுக் கணக்கு இங்கே செல்லாது. பிறகு எந்தக் கணக்கு?

ஆள் பார்த்து விலை

விமானம் கிளம்பும் முன்பே அதன் செலவில் பெரும் பகுதி தீர்மானமாகிவிடுகிறது. எரிபொருள், விமானிகளின் சம்பளம், விமான நிலையக் கட்டணம், விமானத்தின் வாடகை எல்லாம் நூறு பேர் ஏறினாலும் இருநூறு பேர் ஏறினாலும் ஏறத்தாழ ஒன்றுதான். கிளம்பிய விமானத்தில் காலியாகப் போன இருக்கையை மறுநாள் விற்க முடியாது. மாலைச் சந்தையில் வாடிப்போன கீரைக்கட்டு மாதிரிதான். ஆகவே காலி இருக்கையை மலிவாகவாவது தள்ளிவிடக் கம்பெனி துடிக்கிறது.

ஆனால் அதற்கு ஒரு பயமும் உண்டு. நாற்பதாயிரம் கொடுக்கத் தயாராக இருக்கிறவன், பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கிறதே என்று அதையே வாங்கிவிட்டால்? ஆகவே ஒரே விமானத்தில் ஒரே மாதிரியான இருக்கையை, ஆளுக்கு ஒரு விலையில் விற்க வேண்டும். யாரிடம் எவ்வளவு கறக்க முடியும் என்று தெரிய வேண்டும். வந்தவனின் சட்டைப் பையைப் பார்க்க முடியாது. ஆனால் அவன் எப்படிப் பயணம் செய்கிறான் என்று பார்க்கலாம்.

இங்கேதான் போகவர டிக்கெட் வேலிக்காலாக நடப்படுகிறது.

விடுமுறைக்கு ஊர் பார்க்கப் போகிறவர் தம் சொந்தப் பணத்தில் போகிறார். விலை அதிகமென்றால் போகாமலே இருந்துவிடுவார். ஆனால் அவருக்குப் போகிற தேதியும் தெரியும், வருகிற தேதியும் தெரியும். இரண்டு மாதம் முன்னாலேயே டிக்கெட் வாங்கிவிடுவார். அவருக்கு மலிவு விலை.

கம்பெனி வேலையாகப் போகிற பெரிய அதிகாரிக்குத் திடீரென்று உத்தரவு வரும். திங்கட்கிழமை போய் வியாழனோ வெள்ளியோ திரும்ப வேண்டும். சனி ஞாயிறு அங்கே தங்கமாட்டார். எப்போது வேலை முடியும் என்று தெரியாததால் ஒரு வழி டிக்கெட்டாகவே வாங்குவார். பணம் கம்பெனியுடையது. அவருக்கு உச்ச விலை.

இவ்விருவரையும் பிரித்து அடையாளம் காணத்தான் நிபந்தனைகள். ‘போகவர சேர்த்து வாங்க வேண்டும், பல நாள் முன்னால் வாங்க வேண்டும், ஒரு சனிக்கிழமை இரவாவது அங்கே தங்க வேண்டும். அப்படியானால்தான் மலிவு.’ சனிக்கிழமை இரவுக்கும் விமானச் செலவுக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. அது ஆளைச் சலித்தெடுக்கிற சல்லடை, அவ்வளவுதான்.

இந்த வித்தை அமெரிக்காவில் வளர்ந்தது. 1977-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, முன்கூட்டியே போகவர வாங்குகிறவர்களுக்கு மட்டும் மலிவுக் கட்டணம் என்று தொடங்கியது. 1978-இல் அமெரிக்க சர்க்கார் விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை எடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லோருக்கும் மலிவு என்று பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற சிறு கம்பெனி கிளம்பி, பெரிய கம்பெனிகளுக்குத் தலைவலியாயிற்று. 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்ப்யூட்டரின் துணையோடு எதிர்த்தாக்குதல் தொடுத்தது. காலியாகப் போகக்கூடிய சில இருக்கைகளை மட்டும் கணக்கிட்டு எடுத்துச் சிறு கம்பெனியின் விலைக்கு விற்றது. மற்ற இருக்கைகளைப் பழையபடி உயர்ந்த விலைக்கே விற்றது. 1987-க்குள் அந்தச் சிறு கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று விழுங்கிவிட்டது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்ற கதைதான். தூண்டில் மட்டும் புதிது.

இப்போது நம் ஆளைப் பாருங்கள். திண்டிவனத்துக் கொத்தனார் ஒரு வழி டிக்கெட் கேட்கிறார். பெரிய அதிகாரிக்கு விரித்த வலையில் அவரும் போய் விழுகிறார். சல்லடைக்கு இருவரும் ஒன்றுதான். இருவருக்கும் திரும்பும் தேதி தெரியாது. இருவரும் போயே ஆக வேண்டும். ஒரே வித்தியாசம், அதிகாரியின் டிக்கெட்டுக்குக் கம்பெனி பணம் கட்டுகிறது. கொத்தனாரின் டிக்கெட்டுக்கு மனைவியின் கம்மல் பணம் கட்டுகிறது.

வாங்கிய பொருளைக் கிழிக்க உரிமை இல்லையாம்!

‘போகவர டிக்கெட்தான் மலிவாயிற்றே! அதை வாங்கிப் போகிற பாதியை உபயோகித்துவிட்டு, வருகிற பாதியைக் கிழித்துப் போட்டால் போயிற்று!’ என்று நம் தோழர்கள் உடனே கேட்பார்கள். நல்ல கேள்வி. கம்பெனிகளும் அதை யோசித்திருக்கின்றன.

முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியில் மட்டும் ஏறப் போனால், பல கம்பெனிகளில் டிக்கெட் முழுவதும் ரத்தாகிவிடும். கடைசிப் பாதியை விட்டுவிட்டால் உங்களைப் பிடித்துக்கொண்டு வந்து விமானத்தில் ஏற்ற முடியாது. ஆனால் விலை வித்தியாசத்தைக் கட்டு என்று கேட்கும் உரிமையைச் சில கம்பெனிகள் நிபந்தனையிலே எழுதி வைத்திருக்கின்றன.

ஜெர்மனியின் லுப்தான்சா கம்பெனி இப்படியொரு வழக்கே போட்டது. நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து ஜெர்மனியின் பிராங்பர்ட் வழியாக அமெரிக்காவின் சியாட்டில் போய்த் திரும்ப ஒருவர் டிக்கெட் வாங்கினார். திரும்பும்போது பிராங்பர்ட்டிலேயே இறங்கிவிட்டார். கடைசித் துண்டுப் பயணம் செய்யவில்லை. ‘நீ இறங்கியது குற்றம்’ என்று 2,000 யூரோவுக்கு மேல் கேட்டது கம்பெனி. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கம்பெனி விடாமல் மேல்முறையீட்டுக்குப் போயிற்று.

நான்கு இட்லிக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்றைத் தின்றவனிடம், மிச்சம் வைத்ததற்கு அபராதம் கேட்பது போலில்லையா இது? நாம் காசு கொடுத்து வாங்கிய இருக்கை, காலியாகவே போகிறது. கம்பெனிக்கு ஒரு சல்லி நஷ்டமில்லை. பிறகு ஏன் வழக்கு? வேலியைத் தாண்டுகிறவனை விட்டால் நாளைக்கு எல்லோரும் தாண்டுவார்கள் என்ற பயந்தான். அவர்களுடைய சந்தையில் அவர்களுக்குத்தான் சுதந்திரம், நமக்கு நிபந்தனை.

திரும்பும் வழிக்கு விலை வைத்த பழைய எஜமானர்கள்

திரும்பும் பயணத்தை ஆயுதமாக்குவது விமானக் கம்பெனிகள் கண்டுபிடித்ததல்ல. விமானம் வருவதற்கு முன்பே கப்பலில் போன நம் மூதாதையர் இதை அனுபவித்தார்கள்.

1860 முதல் தமிழ்நாட்டு உழைப்பாளிகளைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். கரும்புத் தோட்டத்திலே தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்த பிறகு அங்கேயே சுதந்திரமாக நிலம் பிடித்து, காய்கறி பயிரிட்டு வாழத் தொடங்கினார்கள். வெள்ளை முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. 1895-இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவன் மீண்டும் அடிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது இந்தியாவுக்குத் திரும்பிவிட வேண்டும். இரண்டும் மாட்டேன் என்றால் ஆண்டுக்கு 3 பவுன் வரி. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். தொடக்கச் சம்பளத்தில் ஆறு மாதக் கூலி! திரும்பிப் போகக் கப்பல் இனாம். திரும்பாமல் இருப்பதற்கு விலை. 1913-இல் நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிறையிலே நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரியில், இளம் வயதிலே உயிர் நீத்தார் தில்லையாடி வள்ளியம்மை. அந்த ஆண்டே 3 பவுன் வரி ஒழிந்தது.

மலேயாவில் வேறு முறை. 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து ஒரு குடியேற்ற நிதி வைத்தார்கள். தென்னாற்காடு, வடஆற்காடு, தஞ்சை, திருச்சி ஜில்லாக்களின் கிராமங்களிலிருந்து ஆள் பிடித்து, அந்த நிதியிலிருந்து போகும் கப்பல் இனாமாகக் கொடுத்தார்கள். ரப்பருக்கு விலை இருந்தவரை போகும் வழி இனாம். 1930-இல் உலக மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்ததும், ஆள் கொண்டுபோவதை நிறுத்தி, பல பதினாயிரம் பேரைத் திரும்பும் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அப்போது திரும்பும் வழி இனாம்.

கவனியுங்கள் தோழர்களே! எஜமானனுக்கு வேண்டியபோது போவது இனாம். வேண்டாதபோது வருவது இனாம். நமக்கு வேண்டியபோது மட்டும் இரண்டுக்கும் விலை.

கொரோனாக் காலத்தின் ஒரு வழிப் பயணம்

2020-இல் கொரோனா வந்து வேலைகள் நின்றன. வளைகுடாவில் சம்பளமில்லாமல், ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருந்தவர்கள் ஊர் திரும்பத் தவித்தார்கள். மே 7-ஆம் தேதி மத்திய சர்க்கார் ‘வந்தே பாரத்’ என்ற பெயரில் விமானங்களை அனுப்பத் தொடங்கியது. விமானங்கள் பெரும்பாலும் காலியாகப் போய் ஆட்களோடு திரும்பின. டிக்கெட் பணத்தைப் பயணிகளே கட்ட வேண்டும் என்றார்கள். லண்டனிலிருந்து மும்பைக்கு 50,000 ரூபாய், சிகாகோவிலிருந்து டில்லிக்குச் சுமார் 1 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள்.

விமானம் உண்மையாகவே பெரும்பாலும் காலியாகத்தான் போயிற்று. நம் வாடகைக் கார் டிரைவரின் நியாயம் இங்கே பொருந்தும், செலவு ஏறத்தாழ இரட்டிப்புத்தான். ஆனால் அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது? இத்தனை வருஷம் அந்தத் தொழிலாளர்கள் அனுப்பிய அன்னியச் செலாவணியை வாங்கிக்கொண்ட சர்க்காரா? அவர்களின் உழைப்பில் மாளிகை எழுப்பிய முதலாளியா? வேலையிழந்து நின்ற தொழிலாளியா? நிராதரவானவர்களில் சிலருக்குத் தூதரக நல நிதியிலிருந்து உதவி கிடைத்தது. மற்றவர்கள் கடன் வாங்கித்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

நம்மூர் ரோட்டிலும் ரயிலிலும்

இனி விழுப்புரம் ஜங்ஷனுக்கு வருவோம். இங்கிருந்து சென்னை எழும்பூருக்குச் சுமார் 160 கிலோமீட்டர். முன்பதிவில்லாத பெட்டிக்கு ஜன்னலில் டிக்கெட் வாங்குகிறோம். பொங்கலுக்கு முந்தின நாளும் அதே விலை. ஆடி மாதத்துப் புதன்கிழமையும் அதே விலை. மந்திரி வாங்கினாலும் மாடு மேய்க்கிறவர் வாங்கினாலும் ஒன்றுதான். சாவுக்குப் போகிறாயா, சீமந்தத்துக்குப் போகிறாயா, எப்போது திரும்புவாய் என்று யாரும் கேட்பதில்லை. தூரத்துக்கு விலை.

அரசு பஸ்ஸிலும் அப்படித்தான். 2018 ஜனவரியில் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தியபோது மாணவர்களும் மக்களும் தெருவில் இறங்கினார்கள். வெளியூர் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டர் 60 காசு என்பதை 58 காசாகக் குறைத்தார்கள். இரண்டு காசுதானே என்று நினைக்க வேண்டாம். கட்டணம் வெளிச்சத்திலே எழுதியிருப்பதால்தான் அதை எதிர்த்துப் போராட முடிந்தது. நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிற விலையை எதிர்த்து எந்தத் தெருவில் நிற்பது?

அதே ரோட்டில் தனியார் ஆம்னி பஸ்கள் ஓடுகின்றன. தீபாவளிக்கு முன்னால் சென்னையிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் விலை ஏறும். பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் பஸ்ஸில் விலை ஏறும். எந்தப் பக்கம் கூட்டம் தவிக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு விலை. உள்நாட்டு விமானத் தடங்களில் ஒரு வழி விலை தனித்தனி என்றோமே, அங்கே தந்திரம் போடுகிற வேஷம் இதுதான். நாளைப் பார்த்து, மணியைப் பார்த்து, மிச்ச இருக்கையைப் பார்த்து விலை.

இந்த நோய் ரயிலுக்கும் தொற்றிவிட்டது. 2014-இல் ‘பிரீமியம் தத்கால்’ வந்தது. 2016 செப்டம்பர் 9 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில், பத்து சதவிகித இடம் விற்க விற்கக் கட்டணம் பத்து சதவிகிதம் ஏறுகிற முறையைக் கொண்டுவந்தார்கள். உச்சமாக ஒன்றரைப் பங்கு வரை ஏறலாம் என்றார்கள். 2020 மார்ச்சில் முதியோர் சலுகையை நிறுத்தினார்கள். இன்று ராஜதானியில் இருப்பது, நாளை நம் பாசஞ்சர் வண்டிக்கும் வரலாம் என்பதை மறக்கக்கூடாது.

யாருக்கு அவசரம்?

‘முன்கூட்டியே வாங்கினால் ஏழைக்கும் மலிவுதானே? சிலரிடம் அதிகம் வாங்கினால்தானே மற்றவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க முடியும்?’ என்று படித்த கனவான்கள் வாதாடுகிறார்கள். இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. காலியாகப் போகிற இருக்கையை மலிவாக விற்றால் ஒருவருக்கு நன்மைதான்.

ஆனால் இரண்டு மாதம் முன்னால் டிக்கெட் வாங்க, இரண்டு மாதம் முன்னால் கையில் பணம் வேண்டும். லீவு கிடைக்கும் என்ற உறுதி வேண்டும். தாய் எப்போது சாவாள் என்று தெரிந்திருக்க வேண்டும்! ரியாத்தில் சாரத்தின் மேல் நிற்கிறவனுக்கு, அம்மா போய்விட்டாள் என்று செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன் வருகிறது. அவனுக்குப் போகவர டிக்கெட்டா தேவை? இன்றைக்கே ஒரு வழி தேவை. அந்தக் கணத்தில் விலை உச்சத்தில் நிற்கிறது. கம்ப்யூட்டருக்குத் துக்கம் தெரியாது. தேவை மட்டும் தெரியும்.

இதை நம் களத்துமேட்டில் வைத்துப் பாருங்கள். திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை பிடுங்கிக் காயவைத்ததும் சிறு விவசாயி மூட்டை கட்டி விற்றாக வேண்டும். உரக் கடன் நிற்கிறது, பள்ளிக்கூடச் சம்பளம் நிற்கிறது. எல்லோரும் ஒரே நாளில் கொண்டுவருவதால் விலை விழுகிறது. கிடங்கு வைத்திருக்கிற வியாபாரி வாங்கிப் போட்டுக் காத்திருக்கிறார். விலை ஏறியதும் விற்கிறார். அதே மல்லாட்டையின் எண்ணெயை நாம் ஏறிய விலைக்கு வாங்குகிறோம்.

ஆலை வாசலில் வேலை கிடைக்குமா என்று காத்து நிற்கிற பதிலித் தொழிலாளியைப் பாருங்கள். அவருக்கு இன்றைக்கே வேலை வேண்டும். முதலாளிக்கு இன்றைக்கே ஆள் வேண்டியதில்லை. ஆகவே நிரந்தரத் தொழிலாளி செய்கிற அதே வேலைக்கு அவருக்குக் கூலி குறைவு.

விற்கும்போதும் நமக்குத்தான் அவசரம். ஆகவே மலிவாக விற்கிறோம். வாங்கும்போதும் நமக்குத்தான் அவசரம். ஆகவே அதிக விலைக்கு வாங்குகிறோம். காத்திருக்க முடிந்தவன் முதலாளி; காத்திருக்க முடியாதவன் தொழிலாளி. ஒரு வழி டிக்கெட்டின் சூட்சுமம் இவ்வளவுதான்.

கட்டுப்படுத்த முடியாதா?

விமானக் கட்டணத்தில் சர்க்கார் தலையிட முடியாது, சந்தைதான் தீர்மானிக்கும் என்கிறார்கள். இது பொய் என்பதற்கு அவர்களே சாட்சி.

1953-இல் பாராளுமன்றம் சட்டமியற்றி விமானப் போக்குவரத்தைப் பொதுத்துறைக்குக் கொண்டுவந்தது. 1994-இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவை டாட்டாவிடம் கொடுத்தார்கள். ஆனால் இடையிலேயே, 2020 மே மாதம் முதல் 2022 ஆகஸ்ட் இறுதிவரை, உள்நாட்டு விமானக் கட்டணங்களுக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் சர்க்காரே வைத்தது. வானம் இடிந்து விழவில்லை.

2025 டிசம்பரில் என்ன நடந்தது? விமானிகளுக்கு வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவு வேலையைக் குறைக்கும் புதிய விதிகள் அதற்கு முன்பே நடைமுறைக்கு வந்திருந்தன. நாட்டின் பெரும்பகுதி விமானப் பயணத்தைக் கையில் வைத்திருக்கும் இண்டிகோ கம்பெனி அதற்குத் தக்கபடி போதிய விமானிகளை ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. தவித்து நின்ற மக்களிடம் மற்றக் கம்பெனிகளின் விலை விண்ணைத் தொட்டது. டிசம்பர் 6-ஆம் தேதி சர்க்கார் உச்சவரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. தூரத்துக்கு விலை! ஒரே நாளில் முடிந்ததே! நடுத்தர வர்க்கமும் பத்திரிகைகளும் கூச்சல் போட்டதும் முடிகிறது. கொத்தனாருக்காக மட்டும் ஏன் முடியாது?

ஓய்வு விதியையும் அந்தக் கம்பெனிக்காகத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள் என்பதை ஆலைத் தொழிலாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். விமானியும் ஷிப்ட் தொழிலாளிதான். அவருடைய தூக்கமும் கம்பெனியின் கணக்குக்குத்தான் விட்டுக்கொடுக்கப்பட்டது.

நாம் கேட்பது

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை.

உழைக்கப் போகிறவர்களின் தடங்களில், வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும், ஒரு வழிக் கட்டணத்துக்குத் தூரத்தின்படி நிரந்தர உச்சவரம்பு வேண்டும். சாவு, நோய், வேலை நீக்கம் ஆகிய காரணங்களால் திரும்புகிறவர்களுக்குக் குறைந்த, நிச்சயமான கட்டணம் வேண்டும்.

வேலை முடிந்ததும் திரும்பும் பயணச் செலவைப் பொதுவாக முதலாளியே ஏற்க வேண்டும் என்று சவூதி அரேபியா முதலிய நாடுகளின் தொழிலாளர் சட்டங்களிலேயே இருக்கிறது. அதை வாங்கித் தருவது நமது தூதரகங்களின் கடமை. போகிறவர்கள் ஒப்பந்தத்தில் திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா எனப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. படிக்கத் தெரியாவிட்டால் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் என்று உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் கேட்பவனிடம் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் அவன் யார் என்று தெரிந்துவிடும்.

ஆம்னி பஸ் கட்டணத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் உச்சவரம்பு வேண்டும். பண்டிகைக் காலத்தில் அரசு பஸ்களும் முன்பதிவில்லாத ரயில் பெட்டிகளும் அதிகமாக வேண்டும். ரயிலில் ஏறுமுகக் கட்டணம் ஒழிய வேண்டும்.

மல்லாட்டைக்கும் நெல்லுக்கும் கட்டுப்படியாகும் விலை கேட்கிறோம். நடவுக்கும் அறுப்புக்கும் நிர்ணயிக்கப்பட்ட கூலி கேட்கிறோம். டிக்கெட்டுக்கு எழுதிவைத்த கட்டணம் கேட்கிறோம். இவை மூன்று கோரிக்கைகள் அல்ல, ஒரே கோரிக்கை. எங்கள் அவசரத்தைப் பார்த்து விலை பேசாதே என்பதுதான் அது.

தனியாக நிற்கிறவனுக்குத்தான் அவசரம். பதிலித் தொழிலாளியும் நிரந்தரத் தொழிலாளியும் சேர்ந்து நின்றால், களத்துமேட்டு விவசாயியும் கூலிக்கு நடுகிற பெண்களும் சேர்ந்து நின்றால், நம்மாலும் காத்திருக்க முடியும். 1913-இல் நேட்டாலில் நம் மக்கள் அதைத்தான் செய்து காட்டினார்கள். அவர்கள் வேலைக்குப் போகாமல் காத்திருந்தபோது, அவசரம் முதலாளிகள் பக்கம் போய்விட்டது. மூன்று பவுன் வரி அப்படித்தான் ஒழிந்தது.

சங்கத்தில் சேருங்கள், சங்கத்தைப் பலப்படுத்துங்கள்!